விகுதி

வால்டிவியாவில் மார்ச் மாதம் இறங்கினேன்.
எனக்கு முன்பே மழை குடிவந்திருந்தது.
ஆற்றோர மீன்சந்தையில் கடல்சிங்கங்கள்
வாடகை தராதவர்களின் நிம்மதியோடு
புரண்டு படுத்தன.
நான் வாடகை தந்தேன்:
நெல்டா பாரியென்தோஸ் வீட்டு மாடியறை,
ஒரு செமஸ்டருக்கு. விறகுச் செலவு தனி.

மாலை ஏழு மணிக்கு உண்பதற்கு
அவர்கள் வைத்த பெயர் பதினொன்று.
ஏன் என்றேன். இத்தாலோ தோளைக் குலுக்கினான்,
பதினாறு வயதின் முழு விளக்கம் அது.
ரொட்டி, உப்பிட்டு மசித்த அவகாடோ, தேநீர்.
அடுப்புக் கம்பியில் எங்கள் மூவரின் ஈரக் காலுறைகள்,
நான்காவதாக ஹெர்னானுடையது.
அவர் தெற்கே சால்மன் பண்ணையில் இருந்தார்.
அந்த ஜோடி மட்டும்
காய்ந்த பிறகும் காய்ந்துகொண்டிருந்தது.

என் சிக்கல் மூன்றாம் வாரத்தில் தொடங்கியது.
நெல்டா ஒரு 'நாம்' சொன்னாள்.
அல்லது ஒரு 'நாங்கள்'.
அவள் மொழியில் இரண்டும் நுழைய ஒரே வாசல்,
நோசோத்ரோஸ்.
அதிலும் இந்த ஊரார் கடைசி 'ஸ்'ஸை
மழையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்.
பல நேரம் அந்தச் சொல்லும் வராது,
வினையின் வாலில் ஒரு 'மோ' மட்டும்.
என் காதில் அது ஐயமாகவே விழுந்தது.
போவோமோ.
உண்போமோ.
நாற்காலியிலிருந்து பாதி எழுந்து
பாதி உட்கார்ந்தபடி
ஏப்ரல் கழிந்தது.

இலக்கண ஆசிரியை மரித்சாவிடம் கேட்டேன்,
உள்ளே நிற்கிறேனா வெளியே நிற்கிறேனா
எப்படித் தெரியும் என்று.
பலகையில் ஒரு வட்டம் போட்டாள்,
பார்த்தாள், அழித்தாள்.
"யாராவது திரும்பிப் பார்த்தால் உள்ளே."

மே மாதம் விறகு லாரி
மூன்று மீட்டர் விறகைத் தெருவில் கொட்டிவிட்டுப் போனது.
தூறல் பிடித்தது.
இத்தாலோ ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கையுறையை என் மேல் எறிந்தான், இடக்கைக்கு.
வலக்கையுறை அவனிடம்.
இருட்டும்வரை ஆளுக்கொரு கை சிராய்த்துக்கொண்டோம்.

அன்றிரவு அம்மாவுக்கு எழுதினேன்,
'விறகு அடுக்கினோம்.'
உடனே பதில்: 'யாரு யாரு?'
அப்போதுதான் பார்த்தேன்,
நானும் வாலை மட்டுமே அனுப்பியிருந்தேன்.

ஜூனில் ஒரு வெள்ளி. ஹெர்னான் வந்திருந்தார்,
காலுறையைத் தொடாமல் கூடத்தில் நின்றார்.
"வாமோ" என்றாள் நெல்டா, கோட்டு மாட்டிக்கொண்டே.
நானும் ஷூவை மாட்டினேன்.
நோட்டரி அலுவலகம். டோக்கன் எண்பத்து நான்கு.
பிரிந்து வாழத் தொடங்கிய நாள் எது என்று
அவர்கள் இருவரும் எழுதிக் கையெழுத்திட,
பெஞ்சில் நான் எல்லோருடைய கோட்டுகளையும்
மடியில் வைத்திருந்தேன்.
நீ ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.
ஹெர்னான் கிளம்பும்போது
மகனை அணைத்தார், மனைவிக்குத் தலையசைத்தார்,
எனக்குக் கை கொடுத்தார்,
ஏதோ நானும் சாட்சி போட்டதுபோல.

திரும்பும் வழியில் நெல்டா சூடாக எம்பனாதா வாங்கினாள்.
நான்கு.
மிஞ்சியதை யாரும் எடுக்கவில்லை,
பிறகு இத்தாலோ எடுத்தான்.

ஜூலை. பேருந்து நிலையம்.
கண்ணாடியில் வழியும் நீருக்கு அப்பாலிருந்து
நெல்டா உரக்கச் சொன்னாள்,
"உன்னைத் தேடுவோம்."
நான்கு மாதத்தில் முதன்முறையாக
ஐயமே இல்லாத ஒரு 'மோ'.
என்னைத் தேடுகிறவர்களில்
நான் இருக்க வழியில்லை.

லான்கோ தாண்டியபோது செல்போன் அதிர்ந்தது.
இத்தாலோ.
'அந்த இடக்கைக் கையுறையை
எங்கே வைத்தோம்?'